டீச்சர் எழுந்து நான் பார்த்ததில்லை

தங்கபுஷ்பம் டீச்சர் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பத்து மணி நேரம் கிடந்தார். அந்த வீட்டுக்கு வாரம் தவறாமல் போய்வந்துகொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் நான்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் எதையாவது சொல்லும்படி கேட்டார்கள். இரண்டு நாள் யோசித்தேன். நல்லபடியாக முடிந்த கதைகளும் என்னிடம் உண்டு. இடுப்பு நொறுங்கிய லாரி டிரைவர் திரும்பவும் வண்டி ஓட்டியிருக்கிறார். வாதம் வந்து கிடந்த துறைமுகக் கிரேன் ஆபரேட்டர் மகள் கல்யாணத்தில் நடந்து வந்து வாசலில் நின்றிருக்கிறார். அந்த மாதிரிக் கதைகள் உங்களுக்கும் தானாகக் கிடைக்கும். டீச்சர் கதை உங்களுக்குக் கிடைக்கவே கூடாது என்பதால் அதைச் சொல்லுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

டீச்சரும் அவர் கணவர் தனராஜ் சாரும் நாசரேத் பக்கத்துக்காரர்கள். இரண்டு பேருமே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். தூத்துக்குடியில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரே மகன் பெங்களூரில். அவர்கள் என்னிடம் முதலில் வந்தது டீச்சரின் முழங்கால் வலிக்காக. அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. முட்டு இரண்டும் வீங்கியிருந்தன. மின்சார ஒத்தடம் கொடுத்தேன், சில அறிவுரைகள் எழுதிக் கொடுத்தேன், வீக்கம் வற்றியது. மகிழ்ச்சியாகப் போனார். அதோடு அவர் என் நோயாளி இல்லை என்று முடிவாகிவிட்டது.

சில வருடங்கள் கழித்துத் திரும்ப அழைப்பு வந்தது, இந்த முறை சாருக்காக. அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. காலும் தரையைத் தேய்த்துத் தேய்த்து நடக்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் நாலு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போவேன். முன்னறையில் ஒரு நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழச் சொல்லுவேன். வாசற்படியில் ஏறி இறங்க வைப்பேன். சார் முனகிக்கொண்டே செய்வார். டீச்சர் எதிரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, வகுப்பில் நிற்பது போன்ற குரலில் எண்ணுவார்.

“ஒன்பது... பத்து... சார், பாதிதான் எழும்புதாவ பாருங்க. இது கணக்குல சேராது.”

வேலைக்கு வரும் லெட்சுமி கருப்பட்டிக் காப்பி கொண்டுவருவாள். குடித்துவிட்டுக் கிளம்புவேன். நான் உள்ளே வரும்போது டீச்சர் அந்த நாற்காலியில் இருப்பார். வெளியே போகும்போதும் அதே நாற்காலியிலிருந்து கையசைப்பார். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

அன்றைக்கும் புதன்கிழமைதான். லெட்சுமி உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மணியை அடித்தேன். வெகு நேரம் ஆனது. கதவுக்குப் பின்னால் காலடிச் சத்தம் வந்தது, நின்றது, திரும்பிப் போனது. மறுபடி அடித்தேன். தனராஜ் சார் கதவைத் திறந்து சிரித்தார்.

“வாங்க, வாங்க. டீச்சர் கீழ படுத்துத் தூங்குதாவ.”

“கீழயா? எங்க சார்?”

“உள்ள. காலையில இருந்து தூங்குதாவ. எழுப்பினா ஏசுதாவ.”

நான் செருப்பைக் கழற்றினேனா என்று எனக்கு நினைவில்லை.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் அகலம்தான் இருக்கும். டீச்சர் வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. அவரைச் சுற்றிலும் சாமான்கள். ஒரு தலையணை, போர்வை, மூன்று டம்ளர் தண்ணீர், பைபிள், மூக்குக்கண்ணாடிக் கூடு, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், ஒரு குடை. எல்லாம் சார் கொண்டுவந்து வைத்தவை. மனைவிக்கு ஏதோ வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. என்ன வேண்டும் என்றுதான் புரியவில்லை.

“சார்...” என்றார் டீச்சர். குரல் காய்ந்து போயிருந்தது. “கதவத் தொறந்து யாரயாவது கூப்பிடுங்கன்னு எத்தன தரம் இவங்கள அனுப்பிட்டேன். கதவு வரைக்கும் போறாவ. அங்கன நின்னுட்டுத் திரும்பி வந்து, எதுக்குப் போனேன் டீச்சர்னு என்கிட்டயே கேக்காவ.”

“எப்ப விழுந்தீங்க?”

“விழல சார். காலையில ஆறு மணி இருக்கும். செருப்பக் காலால இழுத்தேன். கட்டில் ஓரத்துல இருந்து வழுக்கி உக்காந்துட்டேன். அவ்வளவுதான். பிறகு எழும்ப முடியல.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவருக்கு அடி எதுவும் படவில்லை. எலும்பு முறியவில்லை. மயக்கம் வரவில்லை. தரையில் வெறுமனே உட்கார்ந்த ஒரு பெண்மணி, முழு நினைவோடு, பத்து மணி நேரம் எழ முடியாமல் கிடந்திருக்கிறார். தெருவில் ஐஸ் வண்டி போயிருக்கிறது, பக்கத்து வீட்டில் துணி துவைத்திருக்கிறார்கள். எல்லாச் சத்தமும் அவருக்குக் கேட்டிருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மின்விசிறியைத் தாண்டி அவர் சத்தம் போகவில்லை.

தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்துவிடலாம் என்றுதான் என் கை முதலில் போனது. அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்து மேற்கையைப் பிடித்தேன். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. டீச்சர் பார்ப்பதற்குப் பூசினாற்போல இருப்பவர். ஆனால் என் விரல்களுக்குள் கொழகொழவென்று தோலும் கொழுப்பும் சரிந்தன. அதற்கடியில் நேராக எலும்பு தட்டியது. நடுவில் இருக்க வேண்டிய சதையைக் காணோம்.

பிறகு அவருடைய வலது தொடையைத் தொட்டேன். அது மரக்கட்டை மாதிரி இறுகி வீங்கியிருந்தது. புடவை நனைந்திருந்தது. டீச்சர் வெட்கத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தரையில் காய்ந்திருந்த கறை, பால் விடாத டீயின் நிறத்தில் இருந்தது.

படிக்கும் காலத்தில் இதைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். ஒரே பக்கமாக நெடுநேரம் அழுந்திக் கிடந்தால் சதை உடைந்து ரத்தத்தில் கலக்கும். அது சிறுநீரகத்தைப் போய் அடைக்கும். நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“கட்டில்ல ஏத்தி விட்டாப் போதும் சார்,” என்றார் டீச்சர். “கொஞ்சம் தண்ணி குடிச்சாச் சரியாயிரும்.”

“இல்ல டீச்சர். ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“இவங்கள யாரு பாப்பா? நான் இல்லன்னா ராத்திரி வாசலத் தொறந்துட்டுப் போயிருவாவ. வேண்டாம் சார். கெஞ்சிக் கேக்கேன்.”

உங்களுக்கும் இந்த மாதிரி நிமிடங்கள் வரும். எதிரில் இருப்பவர் கெஞ்சுவார். அவர் சொல்லுவதிலும் நியாயம் இருக்கும். கட்டிலில் ஏற்றி, தண்ணீர் கொடுத்து, மகனுக்குப் போன் போட்டுவிட்டு வந்தால் எல்லாருக்கும் நிம்மதி. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவை அழைத்து வந்து சாரை ஒப்படைத்தேன். வண்டியில் ஏற்றும்போது சார் தெருவில் நின்று, “டீச்சர், சாயங்காலம் வந்துருவியள்லா?” என்று கேட்டார்.

அன்றிரவே டிரிப் ஏறியது. மறுநாள் காலை டாக்டர் என்னிடம், வீட்டிலேயே வைத்திருந்தால் சிறுநீரகம் நின்றுபோயிருக்கும் என்றார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சரியான நேரத்தில் சரியான முடிவெடுத்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த வார்டில் வயதான சிஸ்டர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற ஆறு மாதமோ என்னவோ பாக்கி. அதிகம் பேச மாட்டார். படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே கேட்டார்.

“எலும்பு உடையல. தலையில ஒண்ணுமில்ல, ஸ்கேன் எடுத்தாச்சு. பின்ன ஏன் இவங்களால எழும்ப முடியல?”

“சதை போயிருச்சு சிஸ்டர். ஆனா எடை குறையவே இல்ல. எப்ப கேட்டாலும் அதே எடைதான் சொல்லுவாங்க.”

“எடை மெஷினுக்குச் சதை எது, கொழுப்பு எதுன்னு தெரியுமா? ஒண்ணு போன இடத்துல இன்னொண்ணு வந்து உக்காந்தா முள்ளு அங்கனயேதான் நிக்கும்.” விரிப்பின் முனையைச் செருகிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க வாராவாரம் இவங்க வீட்டுக்குப் போறவருதான? இவங்க நாற்காலிய விட்டு எழும்பி நீங்க கடைசியா எப்ப பாத்திய?”

யோசித்தேன். போன புதன், அதற்கு முந்தின புதன், மழை பெய்த புதன், கிறிஸ்துமஸ் கேக் கொடுத்த புதன். கேக்கைக்கூட லெட்சுமிதான் கொண்டுவந்து தந்தாள். ஒரு புதனும் அகப்படவில்லை. என் கண் முன்னால், என் பக்கத்தில், நான் கணவரை எழ வைத்துக்கொண்டிருந்த அதே அறையில், மனைவி எழுவதை நிறுத்திக்கொண்டிருக்கிறார். எழுபத்தேழு வயதில் ஞாபகம் இல்லாத மனிதர் கையை ஊன்றாமல் பன்னிரண்டு முறை எழுகிறார். அதை எண்ணிக்கொண்டிருந்த எழுபத்தொரு வயதுப் பெண்ணால் ஒரு முறைகூட முடியாது. நான் இரண்டு பேரில் ஒருவரை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. அன்று மதியம் சாருக்கு மாத்திரை எடுப்பதற்காக அவர்கள் வீட்டுச் சமையலறைக்குப் போனேன். மாத்திரை டப்பா ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. கையை நீட்டியபோது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளைப் பார்த்தேன். லேமினேஷன் போட்டு ஒட்டியிருந்தது. என் கையெழுத்து.

தரையில் உட்காரக் கூடாது. குத்தவைத்து உட்காரக் கூடாது. படி ஏறக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. அதிக நேரம் நிற்கக் கூடாது. வலித்தால் நடக்கக் கூடாது. கீழே, “தவறாமல் கடைப்பிடிக்கவும்” என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன்.

வீக்கம் வற்றும்வரை, ஒரு ஆறு வாரத்துக்கு என்று நினைத்து எழுதியது அது. ஆறு வாரம் என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. எட்டு வருடமாக அவர் அதைக் கடைப்பிடித்திருக்கிறார். நான் மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சார் வந்து எட்டிப் பார்த்து, “முடியலயா? தண்ணி தரட்டா?” என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மகன் சாம் வந்திருந்தான். தூக்கமில்லாத முகம். எல்லாவற்றையும் முடிவு பண்ணிவிட்டிருந்தான். அம்மாவை பெங்களூரில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்ப்பது, படுக்கையிலேயே எல்லாம் பார்த்துக்கொள்ளுவார்கள். அப்பாவை ஞாபக மறதிக்காரர்களுக்கான வேறு இடத்தில். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

“அம்மா இனி ஒரு அடிகூட எடுத்து வைக்க வேண்டாம் சார். இன்னொரு தடவ இப்படி நடந்தா என்னால தாங்க முடியாது.”

“சாம், படுக்கையில போட்டா மிச்சமிருக்கிற சதையும் போயிரும். அவங்கள எழும்ப வைக்கணும். கொஞ்சம் கொஞ்சமா பாரம் கொடுக்கணும்.”

“நீங்கதான சார் எதுவும் செய்யக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தீங்க? அந்தத் தாள நான்தான் லேமினேட் பண்ணிக் கொடுத்தேன். அம்மா ஊர்ல குனிஞ்சு ஒரு குடம் எடுத்தாக்கூட நான் போன்ல சத்தம் போடுவேன். இப்ப நீங்களே மாத்திச் சொல்லுதீங்க. எத நம்பணும் நான்?”

எனக்குத் தப்பிக்க வழி இருந்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லுவோம், எல்லாரும் அப்படித்தான் எழுதினோம் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை.

“எழுதினது தப்பு,” என்றேன். “ஆறு வாரம்னு எழுதியிருக்கணும். பிறகு என்ன செய்யணும்னும் எழுதியிருக்கணும். அதுக்குப் பிறகு ரெண்டு வருஷம் வாராவாரம் வந்தும் நான் அம்மாவப் பாக்கல.”

படுக்கையிலிருந்து டீச்சர்தான் பேசினார். கோபமாக இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“நீங்க சொன்னத ஒண்ணு விடாம செஞ்சேனே சார்,” என்றார். ஆச்சரியத்தோடு சொன்னார். ஆயுள் முழுக்க வீட்டுப்பாடம் சரியாகச் செய்த பிள்ளைக்கு, கடைசியில் கேள்வித்தாளே தப்பு என்று சொன்னது போல.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். முட்டுக்கு நல்லது, எடையைக் குறையுங்கள் என்றும் நான் சொல்லியிருக்கிறேன். அதை அவர் எப்படிச் செய்தார் தெரியுமா? காலையில் ஒரு பன்னும் காப்பியும். மதியம் கொஞ்சம் சோறு, ரசம். ராத்திரி இரண்டு இட்லி. மீன், முட்டை இரண்டையும் அடியோடு விட்டுவிட்டார். திரேஸ்புரத்திலிருந்து மீன்காரம்மா தினமும் அவர் வாசல் வழியாகத்தான் போகிறார். சாளையும் நெத்திலியும் சாருக்கு மட்டும் வாங்குவார்கள். கடல் எட்டிப் பார்க்கும் ஊரில், சதைக்கு வேண்டியது கூடையில் வாசலுக்கு வந்துகொண்டிருக்க, அந்த அம்மாள் பன்னைத் தின்று காலத்தைக் கழித்திருக்கிறார். எதற்கு? எங்கள் பேச்சைக் கேட்டதற்கு.

“சாம்,” என்றார் டீச்சர், “நாலு மாசம் தா. அதுக்குள்ள நான் எழும்பலன்னா, நீ சொல்லுத இடத்துக்குப் போறேன். உங்க அப்பாவ தனியா விட்டுட்டு இப்பப் போக மாட்டேன்.”

சிறுநீரகம் சரியாகிவிட்டது என்று டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொன்ன பிறகு, மூன்று வேளைச் சாப்பாட்டிலும் மீனோ முட்டையோ பயறோ பாலோ ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். சாம் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்த்துக்கொண்டு நாலு மாதமும் கூடவே இருந்தான். நாற்காலியில் இரண்டு மெத்தை போட்டு உயர்த்தி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழ வைத்தேன். முதல் நாள் மூன்று முறை. மூன்றாவது தடவை தொடை நடுங்கி, உதடு வெளுத்துவிட்டது. நான் பயந்து நிறுத்தப் போனேன்.

“நிப்பாட்டாதீங்க,” என்றார். “ஏற்கனவே ஒரு தடவ நிப்பாட்டிட்டீங்க.”

அது என் முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் கொடுமை.

எண்ணும் வேலையை இப்போது சார் எடுத்துக்கொண்டார். ஏழு வரை சரியாகப் போவார். பிறகு மறந்துபோய் ஒன்றிலிருந்து தொடங்குவார். டீச்சரும் அவர் சொல்லும் கணக்குக்கே எழுவார். ஒரு மெத்தையை எடுத்தோம். பிறகு இன்னொன்றை. முட்டு வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சதை ஏற ஏற முன்பைவிட வலி குறைந்தது. வாசற்படி வந்தது. ஒவ்வொரு கையிலும் மணல் நிரப்பிய பாட்டில் வந்தது.

கடைசியாகத் தரை. பாயை விரித்து, பக்கத்தில் நாற்காலியை வைத்து, அவரைக் கீழே உட்கார வைத்தோம். உட்கார்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் பாயில் அழுத்திக்கொண்டார். அந்தப் பத்து மணி நேரத்துக்குப் பிறகு அவர் தரையைத் தொட்டது அன்றுதான். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். முழங்கையை ஊன்றச் சொன்னேன். கையும் முட்டுமாகத் திரும்பி, நாற்காலியைப் பிடித்து, ஒரு பாதத்தைத் தரையில் பதித்து, ஒரு மூச்சு வாங்கி, எழுந்து நின்றார். நானோ சாமோ தொடவில்லை. சாம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

“எங்க கிளம்பிட்டிய டீச்சர்?” என்று கேட்டார் சார்.

“எங்கயும் போகல. சும்மா எழும்பினேன்.”

அவர்கள் இரண்டு பேரும் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். இந்தக் கதையை இங்கே முடித்தால் நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள். நானும் அப்படித்தான் போயிருப்பேன். ஆனால் அந்தத் தாளை நான் டீச்சர் ஒருவருக்கு மட்டுமா எழுதிக் கொடுத்தேன்? முட்டு வலி என்று வந்த எல்லாருக்கும் அதே ஆறு வரி. பிற்பாடு எழுதிக் கை வலிக்கிறதென்று அச்சடித்தே வைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு பழைய நோட்டுகளை எடுத்து, முகவரி இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போக ஆரம்பித்தேன். பலர் வீடு மாறியிருந்தார்கள். சிலர் நன்றாக இருந்தார்கள். நான் சொன்னதை அவர்கள் கேட்கவே இல்லையாம். உடன்குடியில் ஒருவர், “நீங்க சொன்னா? பனங்காட்டுல உக்காராம வேல பாக்க முடியுமா அண்ணாச்சி?” என்று சிரித்தார். அவர் காலைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாத்தான்குளத்தில் ஒரு வீடு. பத்து வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மளிகைக்கடைக்காரர். அவர் மகள் கதவைத் திறந்தாள். ஐம்பது வயது இருக்கும். என்னை அடையாளம் தெரிந்ததும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அப்பாவைப் பார்க்க வந்தேன் என்றேன்.

“அப்பா போயி ரெண்டு வருஷமாச்சு சார். பாத்ரூம்ல விழுந்தாவ. பிறகு எழும்பவே இல்ல.” பிறகு, எனக்கு ஆறுதல் சொல்லுவது போலச் சொன்னாள்: “நாங்க ஒரு குறையும் வைக்கல. நீங்க சொன்ன மாதிரியே வச்சிருந்தோம். கடைக்குப் போக விடல, ஒரு சாமானத் தூக்க விடல. சேர்ல உக்காத்தி வச்சு எல்லாம் கையில கொடுத்தோம்.”

காப்பி கொடுத்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டேன். இவளிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது, செத்தவர் திரும்ப வரப் போகிறாரா, நிம்மதியாக இருக்கிறவள் மனதில் எதற்கு முள்ளை ஏற்ற வேண்டும் என்று ஒரு குரல் கேட்டது. வண்டியேறி ஊருக்குப் போய்விடு என்றது அதே குரல். டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அம்மா, நான் அப்பாவுக்குச் சொன்னது தப்பு. கொஞ்ச நாளைக்குச் சொன்னத எப்பவும்ங்கிற மாதிரி எழுதிட்டேன். அவரு வேலை செஞ்சிருக்கணும். சாமானத் தூக்கியிருக்கணும். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. என் மேலதான்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முகத்தில் கோபம் வரவில்லை. வெளுத்துக்கொண்டேதான் போனது. மெதுவாகத் திரும்பி, வீட்டின் பின்பக்கம் மூடியிருந்த ஒரு கதவைப் பார்த்தாள்.

“சார்,” என்றாள், “உள்ள எங்க அம்மா இருக்காவ. அப்பா போன பிறகு அவங்களையும் நாங்க அப்படித்தான் வச்சிருக்கோம்.”

நான் எழுந்து அந்தக் கதவைத் திறந்தேன்.